மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் பவர் சப்ளை போனால்: குமரி மாவட்டத்துப் பெஞ்சுகளில் பார்த்தது

நாகர்கோவிலிலிருந்து:

மாசியில் கோயில் கொடை (திருவிழா) தொடங்கிவிட்டால் ரிப்பேர் பெஞ்சுக்கு வரும் செட்டில் அடிக்கடி பார்ப்பது இதுதான். ஃபில்டர் கண்டன்சர் (டிசியைச் சமப்படுத்துவது) இரண்டும் வெடித்திருக்கும், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடு) ஷார்ட், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி. கண்டன்சரையும் பிரிட்ஜையும் மாற்றினால் செட் பாடும். அடுத்த கொடைக்கு அதே செட் அதே கோலத்தில் திரும்பி வரும். கண்டன்சர் ஏன் போனது என்று யாரும் பார்க்காததுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 24-0-24 டிரான்ஸ்பார்மர் என்றால் ஏசியின் உச்சம் 24 × 1.414 = 34. டையோடில் ஒரு வோல்ட் போக, ரெயிலுக்கு (ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பிளஸ், மைனஸ் டிசி லைன் ஒவ்வொன்றுக்கும்) 33 வோல்ட். அதை நம்பி 35 வோல்ட் கண்டன்சர் போடுகிறார்கள். லோடு இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் 5 முதல் 10 சதவீதம் கூடுதலாகத் தரும். அதற்கு மேல், ஜெனரேட்டரில் ஓடும் சீரியல் லைட் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் அணைத்தால் 230 சட்டென்று 270ஐத் தொடும். அப்போது ரெயில் 40ஐத் தாண்டிவிடும். 35 வோல்ட் கண்டன்சர் எப்படித் தாங்கும்? 50 குறைந்தபட்சம், 63 போட்டால் நிம்மதி. அவுட்புட்டில் டிடிஏ 7294 இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அந்த ஐசி வேலை செய்யும் எல்லையே பிளஸ் மைனஸ் 40 வோல்ட்தான்.

ஃபியூஸும் கணக்குதான். 24-0-24, 5 ஆம்ப் என்றால் 48 × 5 = 240 விஏ, அதுதான் டிரான்ஸ்பார்மரின் திறன். பிரைமரியில் சுமார் 1 ஆம்ப். 1.6 அல்லது 2 ஆம்ப் ஸ்லோ-புளோ போதும். சாதா ஃபியூஸ் போட்டால் ஆன் செய்யும்போதே போகும். அது போகிறதே என்று 10 ஆம்ப் போட்டால், அடுத்த ஷார்ட்டில் எரிவது டிரான்ஸ்பார்மர்.

எதை மாற்றினாலும் முதல் ஆன் 100 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் போட்டுத்தான். பளிச்சென்று ஒரு கணம் எரிந்து மங்கினால் கண்டன்சர் சார்ஜ் ஆகிறது, நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. எல்ஈடி பல்பு இதற்கு ஆகாது. ஆஃப் செய்தபின் 1 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரை வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்க. 10,000 மைக்ரோஃபாரட் முழுதாக இறங்க 50 நொடி ஆகும், மீட்டரில் பார்த்துவிட்டே கை வையுங்க. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது கண்டன்சரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து.

குளச்சலிலிருந்து:

அண்ணாச்சி சொன்னது வோல்டேஜ். எங்க பக்கத்தில் உப்புதான் பெரிய எதிரி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. நடுவில் வெயில் அடித்தாலும் கடற்கரை வீட்டில் போர்டு முழுசாகக் காய்வதே இல்லை.

கண்டன்சர் அடியில் கம்பெனியில் வைக்கும் பசையைப் பாருங்க. புதிதில் இளமஞ்சளாக, ரப்பர் மாதிரி இருக்கும். சூடும் ஈரமும் பட்டுப் பட்டு கரும்பழுப்பாகி, நகத்தால் கீறினால் பொரிப்பொரியாக உதிரும். அந்த நிலையில் அது கரண்டைக் கடத்தும், பக்கத்தில் இருக்கும் ஜம்பர் கம்பியையும் டையோடு காலையும் அரித்துவிடும். அடியில் கண்டன்சர் ஒழுகியிருக்கிறது என்று நினைத்துப் புதுக் கண்டன்சர் போட்டு, பசையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மைனஸ் ரெயில் கொஞ்ச நாளில் மறுபடி காணாமல் போகும். பசை முழுவதையும் மூங்கில் குச்சியால் சுரண்டி எடுக்கணும். அதற்கு அடியில் இருந்த ஜம்பர், சின்ன ரெசிஸ்டர் எல்லாம் ஒரு காலைத் தூக்கி அளக்கணும். பச்சை பூத்த கம்பியைக் கேள்வியே இல்லாமல் மாற்றணும்.

சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். தின்னர் வேண்டாம், கனெக்டர் பிளாஸ்டிக்கை உருக்கும். நல்ல வெயிலில் காயவைத்து, எல்லாம் சரி என்று உறுதியான பிறகே அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே. உப்பின் மேல் ஸ்ப்ரே அடித்தால் உப்பை உள்ளே பூட்டி வைத்த மாதிரி ஆகும். வால்யூம் கண்ட்ரோல், ரிலே, கனெக்டர் இவற்றை டேப் ஒட்டி மூடிவிட்டு அடியுங்க.

உறுமல் கேட்டு வரும் செட்டுக்கு: வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் அதே அளவு உறுமினால் சப்ளைப் பக்கம் பாருங்க. ஃபில்டர் காய்ந்திருந்தால் சத்தம் 100 ஹெர்ட்ஸில் வரும். வால்யூமோடு சேர்ந்து கூடினால் இன்புட் ஒயரையோ எர்த்தையோ பாருங்க. ஃபில்டர் மேல் ரிப்பிளை (டிசியில் மிஞ்சும் ஏசி அலையை) அளக்கும்போது விலை குறைந்த மீட்டரை ஏசி ரேஞ்சில் நேராக வைத்தால் டிசியையே இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும். புரோபோடு 1 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் ஃபிலிம் கண்டன்சரைச் சீரீஸில் சேர்த்து அளந்தால் நம்பலாம். சிக்னல் இல்லாதபோது ஒரு வோல்டுக்கு மேல் வந்தால் கண்டன்சரை மாற்ற வேண்டியதுதான்.

மார்த்தாண்டத்திலிருந்து:

இப்போது டிரான்ஸ்பார்மர் செட்டைவிட எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) உள்ள பவர்டு ஸ்பீக்கர்தான் அதிகம். இதில் மாஸ்ஃபெட் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் டிரான்சிஸ்டர்) ஷார்ட் என்றதும் அதை மட்டும் மாற்றி ஆன் செய்கிறார்கள், அந்த நொடியே புதியதும் போகிறது. அதன் கால்களான டிரெய்ன், கேட், சோர்ஸ் மூன்றும் ஒன்றாக ஷார்ட் ஆகும்போது மெயின்ஸ் வோல்டேஜ் கேட் வழியாக அதை ஓட்டும் ஐசிக்குள் போகிறது. அதனால் யூசி 3842 ஐசி, 10 முதல் 22 ஓம் கேட் ரெசிஸ்டர், சோர்ஸில் இருக்கும் 0.22 அல்லது 0.33 ஓம் ரெசிஸ்டர், மாஸ்ஃபெட் நான்கையும் ஒன்றாக மாற்றுங்க. சோர்ஸ் ரெசிஸ்டருக்கு ஒயர்வூண்ட் கூடாது. அதன் இண்டக்டன்ஸ் ஐசிக்குத் தப்பான கரண்டைக் காட்டும். பிசி 817 ஆப்டோவையும் (அவுட்புட் நிலையை ஒளி வழியாக ஐசிக்குச் சொல்வது) ஒருமுறை சோதித்துவிடுங்க.

மாஸ்ஃபெட் நல்லது, பெரிய கண்டன்சரில் 310 முதல் 325 வோல்ட் இருக்கிறது, அவுட்புட் மட்டும் இல்லை, ‘டிக் டிக்’ என்கிறது. இப்படி வந்தால் முதலில் ஐசியின் 7ஆம் காலை அளங்க. 3842 ஸ்டார்ட் ஆக 16 வோல்ட் வேண்டும், 10க்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே மீட்டர் ஏறி இறங்கினால் அந்தக் காலில் இருக்கும் 47 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் சின்னக் கண்டன்சர் காய்ந்திருக்கலாம், அல்லது செகண்டரி டையோடு ஷார்ட். 16ஐத் தொடவே இல்லையென்றால் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் ஓப்பன். ஹேர் டிரையரால் சூடாக்கியதும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் கண்டன்சர்தான், வேறெதையும் தேட வேண்டாம். 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த) வகையே போடுங்க.

பிரைமரியில் அளக்கும்போது கருப்புப் புரோப் பெரிய கண்டன்சரின் மைனஸில் இருக்கணும். சேசிஸில் வைத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. சீரீஸ் பல்பில் எஸ்எம்பிஎஸ் விட்டு விட்டு ஸ்டார்ட் ஆனால் பயப்படாதீங்க, லோடைக் கழற்றிவிட்டு 200 வாட் பல்பில் பாருங்க.

இன்னொன்று. நியூட்ரல் அறுந்த லைனில் 400 வோல்ட் வரை வந்து 14டி 471 எம்ஓவி (வோல்டேஜ் எகிறினால் அதைத் தான் வாங்கிக்கொள்ளும் பாகம்) வெடித்திருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு செட்டைத் திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த முறை செட்டைக் காப்பாற்றியதே அதுதான். புதிதாகப் போட்டே கொடுங்க.

தக்கலையிலிருந்து:

வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த செட்டில் பின்பக்கம் 110/220 சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் பாருங்க. எஸ்எம்பிஎஸ் செட்டில் அது 110இல் இருக்க 230 கொடுத்தால் டபுளர் (வோல்டேஜை இரட்டிக்கும் சர்க்யூட்) ஆகி, 200 வோல்ட் கண்டன்சர் ஒவ்வொன்றுக்கும் 325 போகும். சரி செய்தபின் சுவிட்சை 220இல் வைத்து பசை போட்டு நிறுத்திவிடுவது நல்லது. இரண்டு கண்டன்சரிலும் வோல்டேஜ் சமமாக, சுமார் 160 இருக்கணும். இல்லையென்றால் கண்டன்சருக்குக் குறுக்கே இருக்கும் பேலன்ஸ் ரெசிஸ்டர் ஓப்பன்.

ஹோம் தியேட்டர் டிரான்ஸ்பார்மரில் பிரைமரி ஓப்பன் காட்டினால் உடனே ரீவைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டாம். மேல் டேப்பைப் பிரித்தால் தெர்மல் ஃபியூஸ் (சூடு கூடினால் அறுவது) இருக்கும். அதே டிகிரியில் வாங்கி, காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டு சால்டர் செய்யுங்க. நேரடியாக இணைத்துவிடாதீங்க, பிறகு தீயைத் தடுக்க எதுவும் இருக்காது.

குலசேகரத்திலிருந்து:

பிரீஆம்ப் போர்டில் 7915 (மைனஸ் 15 வோல்ட் ரெகுலேட்டர்) புதிதாகப் போட்டு ஹீட்சிங்க்கில் முறுக்கியதும் மைனஸ் சப்ளை ஷார்ட் ஆகிறது அண்ணே. பிளஸ் 15க்கான 7815 பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லை.

நாகர்கோவிலிலிருந்து:

7815இல் நடுக்காலும் டேபும் (முதுகில் இருக்கும் உலோகத் தகடு) கிரவுண்ட், அதனால் சேசிஸில் நேராக முறுக்கலாம். 7915இல் முதல் கால் கிரவுண்ட், நடுக்காலும் டேபும் இன்புட். சேசிஸில் பட்டால் மைனஸ் ரெயில் நேராக எர்த். மைக்கா ஷீட்டும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் போடுங்க தம்பி, போட்டபின் டேபுக்கும் சேசிஸுக்கும் நடுவே கன்டினியுட்டி இல்லை என்று பாருங்க. அதற்கு முன்னால் இருக்கும் டையோடுகளையும் அளந்துவிடுங்க, ஷார்ட்டில் அவையும் போயிருக்கும்.

சப்ளை சரியானதும் ஸ்பீக்கரை உடனே மாட்ட வேண்டாம். இரண்டு ரெயிலும் ஒரு வோல்டுக்குள் சமமாக இருக்கா, அவுட்புட்டில் டிசி 50 மில்லிவோல்டுக்குள் இருக்கா என்று பாருங்க. புரொடெக்ஷன் ரிலே ‘கிளிக்’ என்று இழுக்காவிட்டால் ரிலேயைச் சந்தேகப்படும் முன் அவுட்புட்டில் டிசி இருக்கிறதா என்று அளங்க. ஒரு ரெயில் இல்லாமல் அங்கே டிசி நின்றால், புரொடெக்ஷன் ஐசியான யூபிசி 1237 அதைப் பார்த்து ரிலேயை விடாது. 8 ஓம் 100 வாட் டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதில் வைக்கும் ரெசிஸ்டரில்) அரை மணி நேரம் ஓட்டி, பிரிட்ஜின் சூட்டையும் பார்த்த பிறகு ஸ்பீக்கர் மாட்டலாம்.