பால்புதுமையர் பெண்ணியத் திரைப்படக் கண்காட்சி: மாணவர்களை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது?

கேள்வி (ஆசிரியை, சேலம்):
காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவர்களை, பால்புதுமையர் (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோர்) பெண்ணியத் திரைப்பட முன்னோடிகள் பற்றிய கண்காட்சிக்காகச் சென்னைக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். “கதையே இல்லாத நான்கு நிமிடப் படத்தைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள்?” என்கிறார் துறைத்தலைவர். முன்னதாக வகுப்பில் எதைத் திரையிடலாம்? திரும்பிய பின் என்ன பயிற்சி தரலாம்?

பதில் 1:
வணக்கம் அம்மா. கதையுள்ள படத்திலிருந்தே தொடங்குங்கள். லியோன்டினே ஸாகன் 1931-இல் ஜெர்மனியில் இயக்கிய ‘மேட்சன் இன் யூனிஃபார்ம்’ முழுக்கப் பெண்களே நடித்த படம்; கண்டிப்பு மிகுந்த விடுதிப் பள்ளியில் ஒரு மாணவி தன் ஆசிரியையின் மீது கொள்ளும் காதலைச் சொல்வது. ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளில் படித்துவிட்டு வந்தவர்கள் உங்கள் வகுப்பில் இருந்தால், அந்த மணியோசையும் வரிசையும் அவர்களுக்கு விளக்கமின்றியே புரியும்.

பதில் 2:
துறைத்தலைவர் சொல்வது பார்பரா ஹாமர் 1974-இல் எடுத்த ‘டைக்டாக்டிக்ஸ்’ படமாக இருக்கலாம். ஒரு காட்சியின் மேல் இன்னொன்று படியுமாறு பெண்களின் உடல்களை அடுக்கி, பார்வையைத் தொடுதலாக உணரவைக்க முயன்ற படம் அது. படத்தொகுப்பு வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது? ஆடையற்ற காட்சிகள் உண்டென்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்கு, செரில் டன்யேயின் ‘தி வாட்டர்மெலன் வுமன்’ (1996) வழிகாட்டும். 1930-களின் படங்களில் பெயரின்றி மறைந்த ஒரு கறுப்பின நடிகையை, வீடியோ கடையில் வேலை பார்க்கும் பெண் தேடிப் போகிறாள். கடைசியில் அந்த நடிகையே கற்பனை என்று படம் அறிவிக்கிறது. சான்றாகக் காட்டப்பட்ட பழைய புகைப்படங்களும் ஜோயி லியோனார்ட் படத்துக்காகப் புதிதாக எடுத்தவையே. நமக்கோ ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இருக்கிறது. டி. ஆர். சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த அந்தத் திரைப்பட நிறுவனத்தில் குழு நடனம் ஆடியவர்கள், ஒப்பனை செய்தவர்கள், உடை தைத்தவர்கள் ஆகியோரில் எத்தனை பெண்களின் பெயர் பாட்டுப் புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது என்று மாணவர்கள் தேடட்டும். யாருடைய அந்தரங்க வாழ்வையும் ஊகித்து எழுதக்கூடாது; பெயர் கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விட்டுவிடச் சொல்லுங்கள்.

பதில் 3:
பாடத்திட்டத்தோடு தொடர்பு கேட்டால், பால்புதுமையரைப் பற்றி மாணவர்கள் அறியும்படி பள்ளி, பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் மாற்றம் வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதை எடுத்துக்காட்டலாம். பெற்றோருக்கான கடிதத்தில் கண்காட்சியின் பொருளை மறைக்காதீர்கள். ஆனால், கலந்துரையாடலில் யாரையும் தம்மைப் பற்றிப் பேசும்படி வற்புறுத்த வேண்டாம். கண்காட்சிகளில் குறும்படங்கள் பெரும்பாலும் நில்லாமல் திரும்பத் திரும்ப ஓடும். நடுவில் நுழைந்தவர்கள் தொடக்கம் மீண்டும் வரும்வரை நின்று பார்க்குமளவுக்கு நேரம் ஒதுக்குங்கள்.