குனியாமல், கொத்தாமல் காய்கறி: முதுகுவலியோடு தோட்டம் போடுகிறவர்களின் அனுபவம்

துறையூர் வாசகி:

முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்ததும் டாக்டர் முதலில் தடுத்தது மண்வெட்டியைத்தான். கொல்லையில் கத்தரி, வெண்டை, கீரை என்று எப்போதும் ஏதாவது இருக்கும் வீடு எங்களுடையது. அதை விட்டுவிட மனசு வரவில்லை. கொத்தாமலே காய்கறி எடுக்கிறேன் என்று சொன்னால் நம்பாதவர்கள் நிறைய இருப்பதால், செய்வதை அப்படியே எழுதுகிறேன். இதே மாதிரி செய்கிறவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

மண்ணைப் புரட்டாமல் விளைவிப்பது புதிய விஷயம் இல்லை. ஜப்பானில் ஃபுகுவோகா என்ற விவசாயி உழாத நிலத்தில் நெல்லும் பார்லியும் எடுத்தார். நம் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் மூடாக்கைப் பற்றிப் பேசினார். மண்ணை மூடி வைத்தால் ஈரம் நிற்கும், மண்புழு மேலே வரும், கொத்துகிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். முதுகுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

புல்லையும் களையையும் பிடுங்காமல் தரையோடு அறுத்து அங்கேயே விடுகிறேன். மண்ணை நன்றாக நனைத்த பிறகு அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று அரையடி ஏறும்படி பரப்ப வேண்டும். டேப்பையும் பின்னையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள். அட்டை ஊறும்வரை தண்ணீர் விட்டு, அதன்மேல் அரையடி உயரத்துக்கு மக்கிய தொழுவுரமும் செம்மண்ணும் போட்டு, மேலே வைக்கோலோ கரும்புச் சோகையோ மூடிவிட்டால் பாத்தி தயார். வைகாசியில் போட்டு வைத்தால் ஆடிப்பட்டத்துக்குள் அட்டை இளகி, வேர் கீழே இறங்க வழி விடும்.

விதைப்பதற்கு நான் குனிவதே இல்லை. இடுப்புயரத்துக்கு ஒரு பிவிசி குழாய் வைத்திருக்கிறேன். மூங்கில் கம்பால் மூடாக்கை விலக்கி, ஒரு சின்னக் குழி குத்தி, குழாயை அதில் நிறுத்தி வெண்டை விதையைப் போட்டால் நேராகக் குழிக்குள் விழும். வெண்டை, கொத்தவரை, அவரை, பூசணி எல்லாவற்றுக்கும் இது போதும். கீரை விதை மட்டும் பொடி, அதை மணலோடு கலந்து தூவுகிறேன். அந்த இடத்தில் முளை வரும்வரை வைக்கோல் போடக்கூடாது.

காய்ப்பு முடிந்த செடியையும் பிடுங்குவதில்லை. நீளக் கைப்பிடி அரிவாளால் அடியில் அறுத்து, தண்டை அங்கேயே போட்டுவிடுவேன். வேர் மண்ணுக்குள் மக்கி, தண்ணீர் இறங்கப் பாதை ஆகிவிடும்.

இவ்வளவு படித்ததும் வேலையே இல்லை என்று தோன்றும். இங்கேதான் முதுகு மாட்டிக்கொள்ளும். கொத்துகிற வேலை போய் சுமக்கிற வேலை வந்துவிடுகிறது. அரையடி உரம் என்றால் நாலுக்கு எட்டடி பாத்திக்கு 16 கன அடி. அதை 50 கிலோ மூட்டையாகத் தூக்கினால் கொத்தியதைவிட மோசம். வாசலிலேயே மூட்டையைப் பிரித்து, மண் சுமக்கும் பாண்டில் கால்வாசி அள்ளி, வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக் கொண்டுபோங்கள். பாத்தியை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. அதைவிட நல்ல வழி, தனியாக உரக்குழி வைக்காமல் சருகையும் சமையலறைக் கழிவையும் அடுத்த பாத்தி வரப்போகிற இடத்திலேயே குவிப்பது. மக்கியதும் அதன்மேலேயே நடலாம், ஒரு கூடைகூட இடம் மாற்ற வேண்டாம்.

கோரை மட்டும் அட்டைக்கு அடங்காது. கிழங்கிலிருந்து ஊசி மாதிரி குத்திக்கொண்டு வெளியே வரும். நின்றபடியே நீளக் காம்பு களைக்கொத்தால் தலை தெரியும்போதெல்லாம் வெட்டிக்கொண்டே இருந்தால் கிழங்கின் தெம்பு குறையும். அதற்குப் பொறுமை வேண்டும்.

பொள்ளாச்சி வாசகர்:

அக்கா சொன்னது தரையில் போடுகிற முறை. எனக்குக் குனியவே முடியாது என்பதால் ஹாலோபிளாக் அடுக்கி மேட்டுப்பாத்தி கட்டச் சொன்னேன். 8 அங்குலக் கல் மூன்று வரிசை வைத்தால் 2 அடி. அந்த விளிம்பிலேயே உட்கார்ந்து களை எடுக்கலாம். நின்று வேலை செய்ய நினைப்பவர்களுக்கு 4 வரிசை வேண்டும். அகலம்தான் முக்கியம். இரண்டு பக்கமும் நடக்க இடம் இருந்தால் மூன்றரை அடி வரை வைக்கலாம். சுவரை ஒட்டியிருந்தால் 2 அடிக்கு மேல் வேண்டாம். எட்டிப் பறிக்கும்போது முதுகு வளைந்துவிட்டால் கல் அடுக்கியதே வீண்.

அவ்வளவு உயரத்துக்கும் மண் நிரப்பினால் செலவு தாங்காது. எங்கள் பக்கம் தேங்காய் உரிமட்டைக்குப் பஞ்சமில்லை. மழையில் கிடந்த பழைய மட்டையை நார்ப்பக்கம் மேலே பார்க்கும்படி அடியில் அடுக்கி, அதன்மேல் கிளை, சருகு, கடைசி ஓரடிக்கு மட்டும் மண்ணும் உரமும். மட்டை தண்ணீரைப் பிடித்து வைப்பதால் சித்திரையில்கூடத் தினமும் தண்ணீர் விட வேண்டியதில்லை. வருடா வருடம் பாத்தி கொஞ்சம் அமுங்கும், மேலே உரம் போட்டு ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தென்னை பக்கத்தில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. காண்டாமிருக வண்டு முட்டை வைப்பது சாணக்குவியலிலும் மக்கிய தென்னந்தடியிலும்தான். பாத்தியில் தென்னந்தடியைப் புதைக்காதீர்கள். உரத்தைக் கிளறும்போது சி வடிவத்தில் சுருண்ட வெள்ளைப் புழு கிடைத்தால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். மெட்டாரைசியம் பூஞ்சை விவசாய மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, அதை உரத்தில் கலந்தால் புழு சாகும்.

சென்னைப் புறநகர் வாசகி:

அட்டை போட்டால் கறையான் வராதா அக்கா? வீட்டுக்குள் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

துறையூர் வாசகி:

வரும்மா. காய்ந்த அட்டையும் காய்ந்த வைக்கோலும்தான் அதற்குப் பிடிக்கும். மூடாக்கின் அடி எப்போதும் ஈரமாக இருந்து, சாணமும் கலந்திருந்தால் சீக்கிரம் மக்கிவிடும். வீட்டுச் சுவருக்கும் பாத்திக்கும் நடுவே இரண்டடி வெறும் தரை விடுங்கள். சுவரில் மண்பாதை ஏறினால் அப்போதுதான் கண்ணில் படும். செடியின் தண்டைச் சுற்றி நாலு விரல் அளவுக்கு மூடாக்கு இல்லாமல் விட்டு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு போடுங்கள்.

யாழ்ப்பாணத்து வாசகர்:

எனக்கும் நாரிப்பிடிப்பு, அதாவது இடுப்புப் பிடிப்பு, கனகாலமாக. எங்கட பக்கத்தில் பனை ஓலையையும் குழையையும் (இலை தழை) கிடங்கு வெட்டித் தாழ்ப்பது பழைய வழக்கம். தோட்டத்துக்கு அது நல்லதுதான், ஆனால் வெட்டுகிற வேலை முழுக்க நாரியில் இறங்கும். நான் இப்போது தாழ்ப்பதில்லை, மேலே பரப்புகிறேன். வேலியில் நிற்கிற கிளிசரியா மரத்தை நின்றபடியே வெட்டி, இலையோடு கத்தரிக்கும் மிளகாய்க்கும் அடியில் போட்டால் விரைவாக உக்கிவிடும். பனை ஓலை உக்க நாள் எடுக்கும், அதனால் அதை நடைபாதையில் போடுகிறேன், புல் வராது. கிணற்றில் வாளியால் இறைத்து ஊற்றுவதை விட்டு, மோட்டரில் குழாய் பூட்டியதுதான் என் நாரிக்குக் கிடைத்த பெரிய நிவாரணம்.

பரப்பிய குழைக்குள் கையை விடமுதல் தடியால் கிளறுங்கள். மட்டத்தேள் (பூரான்) படுத்திருக்கும்.

லண்டன் வாசகர்:

இங்கே மூடாக்கின் கணக்கே வேறு. எனக்கு அலாட்மென்டில் (வாடகைக்கு விடும் தோட்ட நிலம்) பாதி அளவுத் துண்டு கிடைத்தது, முழுக்கக் களிமண். கொத்துகிற வயசும் இல்லை, முதுகும் இல்லை. இங்கிலாந்தின் சாமர்செட்டில் சார்ல்ஸ் டவுடிங் என்பவர் 1980களிலிருந்து கொத்தாமல் காய்கறி விளைவிக்கிறார். கொத்திய பாத்தியையும் கொத்தாத பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருடக்கணக்கில் எடை போட்டுப் பார்த்தவர். கொத்தாததில் மொத்த விளைச்சல் கொஞ்சம் கூடவே வருகிறது என்கிறார். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

ஆனால் அவர் வைக்கோல் போடுவதில்லை. இந்த ஈரக் குளிரில் வைக்கோலுக்கு அடியில் நத்தை கூடாரம் போட்டுவிடும், ஒரே இரவில் லெட்டூஸ் நாற்று காலி. மக்கிய கம்போஸ்ட்தான் இங்கே மூடாக்கு. அமெரிக்காவில் ரூத் ஸ்டவுட் என்ற அம்மா காய்ந்த புல்லை அடுக்கியே தொண்ணூறு வயது தாண்டியும் தோட்டம் போட்டார். அவரைப் படித்துவிட்டு இங்கே அப்படியே செய்தால் நத்தைக்குத்தான் விருந்து. நம் ஊர் வெயிலுக்கு வைக்கோல், இந்த மழைக்கு கம்போஸ்ட். இடம் பார்த்துச் செய்யுங்கள்.

பிசியோதெரபி பார்க்கும் வாசகி:

எல்லோருமே விடியற்காலையில் தோட்டத்தில் இறங்குகிறவர்கள் என்று தெரிகிறது. ஒன்று சொல்ல வேண்டும். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை இழுத்துக் கொஞ்சம் உப்பியிருக்கும். எழுந்ததும் குனிந்தால் அதன்மேல் அழுத்தம் அதிகம். முதல் ஒரு மணி நேரம் நடந்துகொண்டு, நின்றபடி தண்ணீர் விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாழ்வான வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

குனிவதைவிட, சுமையோடு இடுப்பைத் திருப்புவது இன்னும் கெடுதல். பாண்டைத் தூக்கிவிட்டுத் திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை நகர்த்தி முழு உடம்போடு திரும்புங்கள். வலி காலுக்கு இறங்கினால் அன்றைக்கு வேலை போதும். கால் மரத்துப்போவது அதிகமானாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

துறையூர் வாசகி:

காலை விஷயம் எனக்கே புதிது, ரொம்ப நன்றி. கீரை அறுப்பதை இனிமேல் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். பொள்ளாச்சித் தம்பி, 4 வரிசைக் கல்லுக்குச் சிமெண்ட் பூசினீர்களா, இல்லை சும்மா அடுக்கியதா? மழையில் பக்கவாட்டில் தள்ளாமல் நிற்குமா என்று சொல்லுங்கள். தை முடிவதற்குள் ஒன்று கட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.