சதுரங்க மாணவரின் முன்னேற்ற அறிக்கையில் ரேட்டிங்குக்கு என்ன வேலை?

பத்துவயதுக்காரியின் அப்பா:
என் மகள் சதுரங்கம் கற்கத் தொடங்கி இரண்டாண்டு ஆகிறது. பயிற்சியகத்திலிருந்து மாதந்தோறும் வரும் அறிக்கையில் வருகை 8/8, தீர்த்த புதிர்கள் 340, ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) ஆட்டத்திறனுக்குத் தரும் மதிப்பெண்ணான ரேட்டிங் 1489 என்று மூன்று எண்களும், கீழே ‘நல்ல முன்னேற்றம், இறுதியாட்டத்தில் (காய்கள் குறைந்தபின் வரும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில்) கவனம் தேவை’ என்ற ஒரு வரியும் இருக்கின்றன. நான்கு மாதங்களாக அந்த வரியில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பயிற்றுநர்கள் இதை எப்படித்தான் தயாரிக்கிறீர்கள்?

வெள்ளைக்குதிரை:
நானும் பயிற்றுநர்தான், அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. 42 மாணவர்களுக்கு மாதக் கடைசியில் இரண்டு இரவுகளில் அறிக்கை எழுதுபவரிடம் ஆளுக்கு ஒரு கட்டுரையை எதிர்பார்க்க முடியாது. மேலும், எழுத்தில் முகத்தாட்சண்யம் புகுந்துவிடும்; கட்டணம் கட்டும் பெற்றோரிடம் ‘உங்கள் பிள்ளை தேங்கி நிற்கிறான்’ என்று எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? ரேட்டிங் யாருக்கும் முகத்தாட்சண்யம் பார்ப்பதில்லை.

யானையாட்டம்:
ரேட்டிங் பொய் சொல்லாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 மார்ச் 1 அன்று ஃபிடே, ரேட்டிங்கின் அடித்தளத்தை, அதாவது மிகக் குறைந்த எண்ணை, 1000லிருந்து 1400 ஆக உயர்த்தி, 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் பத்தில் நான்கு பங்கைக் கூட்டிக் கொடுத்தது. 1120 வைத்திருந்த சிறுவன் ஒரு காயைக்கூட நகர்த்தாமல் 1472 ஆனான். அந்த மாத அறிக்கையில் அந்த எண்ணை விளக்கமில்லாமல் போட்டவர்கள் உண்டு. வீட்டில் இனிப்பு வழங்கியவர்களும் உண்டு.

வெள்ளைக்குதிரை:
அது ஒருமுறை நடந்த திருத்தம். அதற்காக அளவுகோலையே தூக்கி எறிவதா?

யானையாட்டம்:
வழக்கமான மாதங்களிலும் சிக்கல் இருக்கிறது. 18 வயது வரை, 2300க்குக் கீழே உள்ளவர்களுக்கு மாற்றக் கெழு (ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40 என்பதால், சம பலமுள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளி போய்விடும். காய்ச்சலோடு ஆடிய ஒரு வாரக் கடைசியில் 60 புள்ளி இறங்கிய குழந்தை, அறிக்கையில் பின்தங்கியவளாகத் தெரிகிறாள்.

நான் ஸ்கோர்ஷீட்டிலிருந்து, அதாவது ஆடுபவர் நகர்த்தல்களை எழுதிவைக்கும் தாளிலிருந்து, தொடங்குகிறேன். ஒவ்வொரு ஐந்தாவது நகர்த்தலின் அருகிலும் கடிகாரத்தில் மீதமுள்ள நேரத்தைக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். சென்ற மாதம் ஒரு மாணவன் 31ஆவது நகர்த்தலில் யானையை இழந்து தோற்றான். அது 90 நிமிடத்துடன் நகர்த்தலுக்கு 30 விநாடி கூடும் ஆட்டம். 30ஆவது நகர்த்தலின் அருகில் அவன் எழுதியிருந்த மீதி நேரம் 78 நிமிடம். அதற்கு முந்தைய இரண்டு தோல்விகளிலும் இதே கதைதான். ஆகவே அவனது அறிக்கையில் ‘காய் வெட்டுப்படும் இடத்தைப் பார்க்கத் தெரியாமல் தோற்கவில்லை, பார்ப்பதற்கு முன்பே கை போய்விடுகிறது’ என்று எழுதி, அந்த மூன்று நிலைகளையும் படமாக இணைத்தேன். ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்கக் கட்டம்) பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்த மாதம் அதில் எழுத ஒன்றுமில்லை.

வெள்ளைக்குதிரை:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்கோர்ஷீட்டை முழுமையாக எழுதும் பத்து வயதுப் பிள்ளையை எனக்குக் காட்டுங்கள்.

யானையாட்டம்:
30 விநாடி கூடும் ஆட்டத்தில் கடைசிவரை குறிப்பெழுதியே ஆக வேண்டும் என்பது ஃபிடே விதி. எழுதாமல் விடுகிறார்கள் என்றால், அதுவே அறிக்கையில் ஏற வேண்டிய செய்தி அல்லவா? நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் மறுக்கமாட்டேன். இப்படி எழுத ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம் ஆகிறது. என்னிடம் 14 பேர்தான் இருக்கிறார்கள்.

வெள்ளைக்குதிரை:
அந்த 14இல்தான் முழு வாதமும் அடங்கியிருக்கிறது. 42 பேருக்கு அரை மணி என்றால் 21 மணி நேரம். மாதம் விட்டு மாதம், பாதிப் பேருக்கு வேண்டுமானால் முயன்று பார்க்கிறேன்; ரேட்டிங்கை எடுக்கமாட்டேன், ஏனெனில் அது இல்லாவிட்டால் முதல் தொலைபேசி அழைப்பே அதைக் கேட்டுத்தான் வரும்.

பத்துவயதுக்காரியின் அப்பா:
இதைப் படித்துவிட்டு மகளின் பையைத் தேடினேன். கசங்கிய ஏழு ஸ்கோர்ஷீட்டுகள் கிடைத்தன. ஒன்றில்கூட நேரம் குறிக்கப்படவில்லை. நான்கில் 20ஆவது நகர்த்தலுக்குப் பின் வெற்றிடம். ஏழில் எந்த ஆட்டமும் இறுதியாட்டத்தை எட்டியதாகத் தெரியவில்லை. பிறகு எந்த இறுதியாட்டத்தில் கவனம் தேவை என்று எழுதினார்கள்? சனிக்கிழமை வகுப்புக்கு இந்த ஏழையும் கொடுத்தனுப்புகிறேன்.