68டபிள்யூவா, 25பியா? கையெழுத்துக்கு முன் ஆலோசனை வேண்டும்

அமெரிக்க ராணுவத்தில் இருப்பவர்கள், இருந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். தம்பி அதில் சேரப் போகிறான்; 68டபிள்யூ, 25பி என்ற இரண்டு வேலைக் குறியீடுகளில் எதை எடுப்பது என்று குழப்பம். இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆஸ்வாப் என்ற ராணுவச் சேர்க்கைத் தேர்வில் அவன் மதிப்பெண் ஜிடி (பொதுத் திறன் பிரிவு) 109, எஸ்டி (தொழில்நுட்பத் திறன் பிரிவு) 108. 68டபிள்யூ, அதாவது போர்க்கள மருத்துவ உதவியாளர் வேலைக்குக் கேட்பது ஜிடி 107, எஸ்டி 101. தாண்டிவிட்டான். ஆனால் பயிற்சியில் இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) தேசியத் தேர்வு தேறாவிட்டால், ராணுவம் தன் தேவைக்கேற்ப வேறு வேலைக்குத் தள்ளிவிடலாம், அதுதான் உறுத்துகிறது. 25பி கணினி வேலைக்கு எஸ்டி 95 போதும், ஆனால் ரகசிய அனுமதி வேண்டும். கிரீன் கார்டை வைத்துக்கொண்டு அது கிடைக்காது, குடியுரிமை வேண்டும்.

ஆள் சேர்ப்பவரோ, “உள்ளே போய் மாற்றிக்கலாம்” என்கிறார். ஒப்பந்த இணைப்பில் எழுதாத வாக்குறுதி செல்லாதே!

68டபிள்யூ பயிற்சியில் அதிகம் பேர் சறுக்குவது எழுத்துத் தேர்விலா, களப் பயிற்சியிலா? கிளம்பும் முன் எதைப் படித்து வைக்கலாம்? குடியுரிமை வந்தபின் மறு ஒப்பந்தத்தில் 25பிக்கு மாறியவர்கள் உண்டா?