பிள்ளைகளின் வருகைப்பதிவு, தாமதம்

'மாதம் 2 நாள் லீவு போட்டால் என்ன குறைந்துவிடும்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறேன். கணக்கு இதோ.

கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 6 முதல் 8 வரை 220. மாதம் 2 நாள் என்றால் 10 மாதத்தில் 20 நாள். அதாவது 200இல் பத்தில் ஒரு பங்கு. கணக்குப் பாடத்தில் பின்னம் தொடங்கும் நாளைத் தவறவிட்டால், அடுத்த வாரம் முழுக்கப் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும்.

தாமதம் இன்னும் மோசம், யார் கண்ணிலும் படாது. தினம் 10 நிமிடம் × 220 நாள் = 2,200 நிமிடம்; 40 நிமிடப் பீரியடாகக் கணக்கிட்டால் 55 பீரியட். போவது எப்போதும் அதே முதல் பீரியட்தான்!

சிபிஎஸ்இ பொதுத்தேர்வுக்கு 75% வருகை வேண்டும். காய்ச்சல் என்றால் திரும்பி வந்த அன்றே விடுப்புக் கடிதத்தோடு மருத்துவச் சான்றையும் கொடுத்துவிடுங்கள். தேர்வு நெருங்கும் பிப்ரவரியில் தேடினால் கிடைக்காது.

காலைப் பரபரப்புக்குக் காரணம் பெரும்பாலும் முந்தைய இரவுதான். பை, சீருடை, ஷூ, சாக்ஸ் நான்கையும் படுக்கும் முன் வாசலருகே வையுங்கள். ஒற்றைச் சாக்ஸைத் தேடுவதில்தான் வேன் போய்விடுகிறது.