மறு: ‘வரைகலை அட்டை’: அட்டையா, பலகையா?

குழுவினருக்கு வணக்கம்.

கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேறு தமிழ்ச் சொல் தேடலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். ‘வரைகலை அட்டை என்று ஒரு சொல் இருக்கும்போது மறுபடி எதற்குத் தோண்டுகிறீர்கள்?’ என்று சேலத்து ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் எழுதத் தாமதமானதற்கு மாம்பழ சீசன்தான் காரணம். கூழ் ஆலைகளுக்கு டப்பா லேபிள், மண்டிகளுக்கு ஃபிளெக்ஸ், நடுவே வைகாசி முகூர்த்த ஆல்பங்கள். கிருஷ்ணகிரியில் டிசைன் வேலை பார்ப்பவனுக்கு இந்த இரண்டு மாதம் தூக்கமே கிடையாது.

நான் தோண்டியது சொல் ஆசையால் இல்லை. காவேரிப்பட்டணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் மச்சான் வாங்கிய கார்டால். கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு மூன்று மானிட்டர் வைத்திருக்கிறான்: ஒன்றில் டைம்லைன், ஒன்றில் படம், ஒன்றில் ஆல்பம் டிசைன். கார்டு மாட்டிய பிறகும் மூன்றாவது மானிட்டர் உயிர் பெறவில்லை. கடையில் கேட்டால், “இந்தக் கார்டுல மெமரி பத்தல, மூணு மானிட்டரை இழுக்காது, பெருசா போட்டுக்கோங்க” என்றிருக்கிறார்கள். இவனும் பழையதைக் கொடுத்துவிட்டு மேலே பணம் கட்டத் தயாராகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை போய், பெட்டியைத் திருப்பி, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். இரண்டு கேபிளும் மேலே, தாய்ப்பலகையின் (மதர்போர்டின்) சாக்கெட்டுகளில் இருந்தன. அதில் இருந்ததே இரண்டு சாக்கெட்தான். ஒரு சாண் கீழே புதுக் கார்டின் நான்கு வாய்களும் கம்பெனியில் போட்ட கறுப்பு பிளாஸ்டிக் மூடியோடு அப்படியே இருந்தன. மூடியைக் கழற்றி கேபிளைக் கீழே மாற்றினேன். மானிட்டர் சாக்கெட்டில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் என்று இரண்டு வகை. கார்டில் எச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் மூன்று. மச்சானின் மானிட்டர்களில் இரண்டு எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பழசுகள், அதனால் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண கேபிள் ஒன்று தேவைப்பட்டது. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. கார்டில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்று தலைகீழாக இருந்தால் அது உதவாது.

சரி, ‘மெமரி பத்தல’ என்ற பேச்சுக்கு வருவோம். 1920 × 1080 திரையில் சுமார் 20 லட்சம் படப்புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வைத்தால் 8.3 எம்பி. மூன்று திரைக்கும் சேர்த்து 25 எம்பி. நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே திரையாகவே இருந்தாலும் ஒன்றுக்கு 33 எம்பி. இன்றைய கார்டுகளில் 8 ஜிபி, 12 ஜிபி என்று வருகிறது. இதை இரண்டு மூன்று மடங்காக வைத்துக்கொண்டாலும் மானிட்டர் எண்ணிக்கைக்கும் இந்த ஜிபிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது வேறு, மதகுக்கு எத்தனை வாய் என்பது வேறு.

நினைவகம் வேண்டுவது வேறு வேலைக்கு. 4கே காட்சியின் மேல் நாலைந்து எஃபெக்ட் அடுக்கும்போதும், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் படத்தின் இரைச்சல் நீக்கும்போதும், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு மண்டபத்தையே ஏற்றும்போதும்தான் கார்டு திணறும். அதற்காகத்தான் 2021-இல் 12 ஜிபியோடு வந்த என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை, 2023-இல் 8 ஜிபியோடு வந்த 4060 கடைக்கு வந்த பிறகும் சில எடிட்டர்கள் தேடி வாங்கினார்கள். புதியது வேகம்தான், ஆனால் இடம் குறைவு. ஃபோட்டோஷாப், கோரல் டிராவோடு நின்றுவிடுகிறவருக்கு இதெல்லாம் பெரிதாகத் தேவைப்படாது, அந்தக் காசை ரேமிலும் நல்ல மானிட்டரிலும் போடலாம். ஆல்பத்தில் முகம் மஞ்சளடிப்பதற்குக் கார்டைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முதலில் மானிட்டரின் நிறத்தைச் சரிபார்க்கட்டும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இந்தச் சாதனம் இரண்டு வேலை செய்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் போடுகிறது. போட்டதைத் திரைகளுக்கு அனுப்புகிறது. ‘வரைகலை’ என்றதும் என் மச்சானுக்கு டிசைன் சாஃப்ட்வேர்தான் ஞாபகம் வந்தது, ‘நான் வரையறதில்லையே, வீடியோதானே’ என்றான். கேபிள் மாட்டும் இடமும் இதுதான் என்பதை அந்தச் சொல் சொல்லவே இல்லை. ‘அட்டை’யோ ரேஷன் அட்டையையும் பத்திரிகை அட்டையையும் நினைவூட்டுகிறது. இரண்டு ஃபேனோடு ஒரு செங்கல் கனத்தில் இருப்பதை அட்டை என்றால் யார் நம்புவார்கள்? ‘கரண்டை உறிஞ்சுவதால் ரத்தம் குடிக்கும் அட்டை என்று வைத்துக்கொள்ளலாம்’ என்று ஓசூர் நண்பர் எழுதியதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தாய்ப்பலகையில் செருகும் ஸ்லாட் வழியாக 75 வாட் வரை இழுக்கும், எட்டு முனை மின் இணைப்பு ஒன்று கொடுத்தால் இன்னும் 150 வாட்.

கார்டுக்குள் கணக்குப் போடும் சில்லான ஜிபியுவை (கிராஃபிக்ஸ் புராசசிங் யூனிட்) ‘வரைகலைச் செயலகம்’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோட்டையில் அரசாணை போடும் இடம்தான் கண்ணில் நிற்கிறது. ‘செயலி’ என்று சுருக்கினால் அது போனில் இறக்கும் ஆப் ஆகிவிட்டது. ‘படந்தீட்டி’ என்று ஒருவர் தந்திருந்தார். தீட்டுதல் அழகான வினை. ஆனால் எங்கள் பக்கத்துத் தெருக்களில் ‘தீட்டு’ என்ற சொல் வேறு காயத்தைக் கிளறும். வேண்டாம்.

என் முன்மொழிவு:

சில்லுக்குப் படக்கணி. தாய்ப்பலகை ஏற்கெனவே நம் வாயில் இருப்பதால் கார்டுக்குப் படக்கணிப் பலகை. அதன் மேல் இருக்கும் மெமரிக்குப் படநினைவகம். மானிட்டர் கேபிள் மாட்டும் சாக்கெட்டுக்குத் திரைவாய். போர்ட்டைத் ‘துறை’ என்று சிலர் எழுதுகிறார்கள். துறை என்றால் எனக்கு ஒகேனக்கல் பரிசல் துறைதான். கால்வாய், மதகுவாய் போலத் திரைவாய் என்றால் எதுவோ அதன் வழியாகப் போகிறது என்பது விளங்கும்.

தடைகளுக்குப் பதில்:

> படக்கணி என்பதைக் கிருஷ்ணகிரிக்காரர்களே படக்கனி என்றுதான் படிப்பார்கள்.

மாங்கனிக் கண்காட்சி நடத்தும் ஊரில் இது நடக்கத்தான் செய்யும். நேற்று நானே தட்டச்சில் ஒருமுறை பழமாக்கிவிட்டேன். ஆனால் ‘கணினி’யை யாரும் பழக்கடையில் தேடவில்லையே.

> செயற்கை நுண்ணறிவு வேலைக்கு வரும் ஜிபியுக்களில் மானிட்டர் மாட்ட இடமே இல்லை. என்விடியாவின் ஏ100-ஐப் பாருங்கள். அதையும் ‘பட’க்கணி என்பீர்களா?

என்பேன். எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு தேங்காயெண்ணெய் வந்தது, மண்ணெண்ணெயும் வந்தது, யாரும் எள்ளைத் தேடிக் குறுக்கே நிற்கவில்லை. ஆங்கிலத்திலும் அந்த ‘ஜி’ கிராஃபிக்ஸைத்தான் குறிக்கிறது. ஏ100-இல் திரைவாய் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். இரண்டு சொல்லாகப் பிரித்ததன் லாபமே அதுதான்.

> சந்தை ஏற்காத சொல் நிற்காது.

உண்மை. 1999-இல் ஜிஃபோர்ஸ் 256-ஐ விற்கும்போது என்விடியா ‘ஜிபியு’வைப் பரப்பியது. 2002-இல் போட்டிக் கம்பெனியான ஏடிஐ தன் ரேடியான் 9700-ஐ ‘விபியு’ (விஷுவல் புராசசிங் யூனிட்) என்று அழைத்துப் பார்த்தது. இன்று அதைச் சொல்ல ஆளில்லை. பெரிய கம்பெனி வைத்த பெயருக்கே அந்த கதி என்றால் என் பெயருக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ‘படக்கணி’ தோற்றாலும் எனக்கு வருத்தமில்லை, ‘திரைவாய்’க்கு மட்டும் கொஞ்சம் வாதாடுவேன்.

ஏனென்றால் அன்று கிளம்பும் முன் கடை ஸ்டிக்கர் தாளில் ‘திரைவாய் – கேபிள் இங்கே’ என்று அடித்து, மச்சான் பெட்டியின் பின்னால், கார்டுக்கு நேராக ஒட்டிவிட்டு வந்தேன். நேற்று ராத்திரி போன் செய்தான். “மாமா, திரைவாய் ஒண்ணு சும்மாதான் இருக்கு. கஸ்டமருக்குக் காட்ட டிவிய அதுல மாட்டிக்கட்டுமா?”

மாட்டிக்கோ என்றேன்.