கண் ஒன்று சொல்ல, ஒளி வேறொன்று சொன்ன அனுபவம் உண்டா? வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் எழுதுங்கள்

காட்பாடி, ஆய்வு மாணவி:

நானோ துகள், ஒளி பட்டால் மாறும் சேர்மம் என்று எதிலாவது வேலை செய்பவர்கள், ஸ்பெக்ட்ரோமீட்டரோடு (ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கும் கருவி) மல்லுக்கட்டியவர்கள், ஒளி தொடர்பாக வேறு அனுபவம் உள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் லேபில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் தங்கத்தைக் கொடுப்பார்கள். நகை செய்ய இல்லை. குளோரோஆரிக் அமிலத்தை மிகவும் நீர்க்கக் கரைத்து, கொதிக்கும்போது டிரைசோடியம் சிட்ரேட் ஊற்ற வேண்டும். 1951-ல் டர்கெவிச் குழு விவரமாக எழுதி வைத்த முறை. வெளிர்மஞ்சள் மறைந்து நிறமே இல்லாமல் போகும், அப்புறம் சாம்பல் கலந்த கருநீலம், கடைசியில் திராட்சை ரசச் சிவப்பு. ஸ்ரீபுரம் பொற்கோயிலில் மஞ்சளாக மின்னும் அதே தங்கம்தான்!

யூவி-விசிபிள் (புற ஊதா, கண்ணுக்குத் தெரியும் ஒளி) ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் 520 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கத்தில் ஒரு பீக், அதாவது அங்கே ஒளி அதிகமாக விழுங்கப்படுகிறது. தங்கத்தில் கட்டற்றுத் திரியும் எலெக்ட்ரான்கள், 15 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைக்குள் அடைபட்டால் பச்சை ஒளியின் அதிர்வுக்கு மொத்தமாக அசைகின்றன. பச்சையை விழுங்கிவிடுவதால் நமக்கு மிச்சச் சிவப்பு தெரிகிறது. ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புக் கரைசலைப் பற்றி எழுதிவிட்டார். கணக்குப் போட்டு விளக்கியது மீ, 1908-ல்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். சிட்ரேட் துகள்களின் மேல் எதிர்மின்சுமை ஏற்றி ஒன்றையொன்று தள்ளி வைத்திருக்கிறது. சாதா உப்புக் கரைசலைச் சொட்டினால் அந்தத் தள்ளல் அடங்கி, துகள்கள் நெருங்கிவிடும். 520 பீக் சரிந்து, 600-க்கு மேலே அகலமாக இன்னொன்று எழும். பாட்டிலில் நீலம். தங்கத்தின் அளவு அப்படியேதான் இருக்கிறது, இடைவெளி மட்டுமே மாறியிருக்கிறது. மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டைகள் பலவற்றில் தெரியும் சிவப்புக் கோடும் இந்த நானோ தங்கம்தான்.

அடுத்து யார்?

---

ராணிப்பேட்டை, டேனரி லேப்:

மேடம் தங்கம் சொன்னார், நான் குரோமியம் சொல்கிறேன். எங்கள் பக்கம் அதற்குத்தான் பஞ்சமில்லை.

வெட் புளூ தோலில் (குரோமியத்தில் பதனிட்டு நீலம் பாய்ந்த ஈரத் தோல்) இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். பயப்பட வேண்டியது ஆறு இணைதிறன் கொண்டது. மீன் எண்ணெய் மாதிரிச் சில கொழுப்புகள், வெயில், சூடு எல்லாம் சேர்ந்தால் தோலுக்குள்ளேயே மூன்று ஆறாக மாறலாம். உடம்பில் படும் தோல் பொருளுக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பு 2015 மே முதல் நடப்பில் இருக்கிறது. அதைத் தாண்டினால் கன்டெய்னர் திரும்பும்.

சோதிக்கும் முறை இதுதான். தோலை நறுக்கி, பிஎச் 8 பக்கமுள்ள பாஸ்பேட் கரைசலில் 3 மணி நேரம் குலுக்கி வடிகட்டுவோம். அமிலமாக்கி டைஃபீனைல்கார்பஸைடு சேர்த்தால், ஆறு இருந்தால் செவ்வூதா வரும். 540 நானோமீட்டரில் எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறது என்று படிப்போம்.

ஒரு தடவை கருப்பு ஷூ தோல் லாட் ஒன்றுக்கு வாங்குபவர் தரப்பு லேப், வரம்பைத் தாண்டிவிட்டது என்று ரிப்போர்ட் அனுப்பியது. எந்த லேப், எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. மீதமிருந்த தோலில் நாங்களும் செய்தோம். எங்களுக்கும் எண் அதிகமாகத்தான் வந்தது.

எங்கள் சீனியர் ஒருவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. “540-ஐ விடு, 400-லிருந்து 700 வரை முழுசா ஓட்டு” என்றார். ஓட்டினோம். குரோமியம் தரும் செவ்வூதாவுக்கு 540-ல் ஒழுங்கான பீக் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்ததோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அகலமாகப் படுத்துக் கிடந்த ஒரு மேடு. கார்பஸைடு சேர்க்காத வடிநீரையும் ஓட்டினோம், கிட்டத்தட்ட அதே மேடு. கருப்புச் சாயம்! பாஸ்பேட் நீரில் தோலிலிருந்து இறங்கி வந்த சாயம்தான் 540-லும் ஒளியை விழுங்கியிருக்கிறது. ஒரே அலைநீளத்தில் நின்றால், அங்கே யார் யார் விழுங்குகிறார்களோ அத்தனை பேரையும் சேர்த்துத்தான் மெஷின் கணக்குச் சொல்லும், பெயர் சொல்லாது.

இதற்காகவேதான், இந்தச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17075-ல் இரண்டாவது பகுதி இருக்கிறது. குரோமேட்டையும் (தண்ணீரில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும் வடிவம்) சாயத்தையும் குரோமட்டோகிராஃபி குழாயில் ஓடவிட்டுத் தனித்தனியாகப் பிரித்த பிறகு படிக்கும் முறை. வெளியே கொடுத்து அப்படிச் செய்ததில் வரம்புக்குள் வந்தது. லாட் போனது. வழக்கமான முறையிலும் சாயத்தை நீக்கும் படி ஒன்று உண்டு. அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிற லேபுகள் நிறைய.

---

குடியாத்தம், இல்லத்தரசி:

நான் லேப் எல்லாம் பார்த்ததில்லை. ஆனால் “ஒளியால் மாறும் சேர்மம்” என்று படித்ததும் என் பையன் ஞாபகம்தான் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

பிறந்த மூன்றாம் நாள் உடம்பு மஞ்சளாகிவிட்டது. “காலை வெயிலில் காட்டு, சரியாப் போயிடும்” என்றார் மாமியார். வேலூர் மருத்துவமனையில் குழந்தையை நீல விளக்கின் கீழ் வைத்துக் கண்ணைக் கட்டிவிட்டார்கள். யூவி என்று நினைத்து நான் அழுத அழுகை! நர்ஸம்மாதான் உட்கார வைத்துச் சொன்னார்: இது யூவி இல்லை, வெறும் நீலம், 460 நானோமீட்டர் பக்கம். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் இந்த நீலத்தைத்தான் நன்றாக விழுங்கும். விழுங்கியதும் அதன் வடிவம் மாறித் தண்ணீரில் கரையக்கூடியதாகிவிடும், கல்லீரல் முதிராத குழந்தையும் அதை வெளியேற்றிவிடும் என்றார். இதை முதலில் கவனித்ததே இங்கிலாந்தில் ஒரு நர்ஸ்தானாம். ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் குழந்தைகளை வெயிலுக்குக் கொண்டுபோன சிஸ்டர் வார்ட். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை.

இரண்டாம் நாள் குழந்தை பளிச்சென்று ஆகிவிட்டான். வீட்டுக்குப் போகலாம் என்று நான் பையைக் கட்டினேன். டாக்டரம்மா விடவில்லை. விளக்கு பட்ட தோல்தான் முதலில் வெளுக்கும், இரத்தத்தில் அளவு இன்னும் இருக்கலாம், தோலைப் பார்த்து முடிவு பண்ணக்கூடாது என்றார். நெற்றியில் வைத்து ஒளி அடித்துப் பார்க்கும் சின்ன மெஷினைக்கூட விளக்கில் இருக்கும்போது நம்புவதில்லையாம். இரத்தம் எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் இருக்க வேண்டியதாயிற்று. மாமியாருக்கும் வெயில் ஏன் கூடாது என்று சொன்னார்கள். அதிலும் நீலம் உண்டு, ஆனால் எவ்வளவு படுகிறது என்று அளக்க முடியாது, கூடவே சூடும் யூவியும் வரும். நம்ம ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா?

---

திருப்பத்தூர், வேதியியல் ஆசிரியர்:

குடியாத்தம் அம்மா எழுதியது எங்கள் மாணவர்களுக்குப் பாடமாக வைக்க வேண்டியது. நான் கொஞ்சம் புலம்பப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருடா வருடம் புராஜெக்ட் சமயத்தில் வேப்பிலை, துளசி, கீழாநெல்லி என்று ஏதாவதொரு கஷாயத்தில் சில்வர் நைட்ரேட்டைக் கலப்பார்கள். பழுப்பாகும். 420 நானோமீட்டரில் மேடு ஒன்று வரும். “சார், நானோ வெள்ளி வந்துருச்சு.” வந்திருக்கலாம்தான். வெள்ளி உருண்டை 400-ஐ ஒட்டித்தான் விழுங்கும். ஆனால் கஷாயம் சும்மா வைத்தாலே காற்றுப் பட்டுப் பழுப்பாகும், அதுவும் அதே பக்கம் விழுங்கும். வெள்ளி சேர்க்காத கஷாயத்தை அதே நேரம் அதே சூட்டில் வைத்து ஓட்டியிருக்கிறாயா என்று கேட்டால் பதில் வராது. எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் 38 டிகிரியை ஒட்டி வெள்ளியின் கோடு இருக்கிறதா? எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் உருண்டை தெரிகிறதா? இதெல்லாம் இல்லாமல் ஒரே பீக்கை வைத்துக்கொண்டு கிருமி ஒழிப்பு, புற்றுநோய் வரை போய்விடுகிறார்கள். ராணிப்பேட்டை சீனியர் மாதிரி ஆள் ஒவ்வொரு காலேஜுக்கும் ஒருவர் தேவை.

இன்னொன்று. கார்பன் டாட் என்று ஒன்று, சில நானோமீட்டர் அளவுள்ள கார்பன் துகள், இப்போது ஃபேஷன். 2004-ல் கார்பன் நானோ குழாய்களைச் சுத்தம் செய்யும்போது தற்செயலாகக் கிடைத்தது. யூவியில் நீலமாக ஒளிரும். ஒரு பையன், 350 நானோமீட்டர் ஒளி கொடுத்தால் 397-ல் ஒல்லியாக ஒரு பீக் வருகிறது என்று கொண்டு வந்தான். 400 கொடு என்றேன். பீக் 463-க்கு நகர்ந்தது. கணக்குப் போட்டால் இரண்டிலும் கொடுத்த ஒளிக்கும் பீக்குக்கும் இடைவெளி சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3400 அலைகள். தண்ணீர் மூலக்கூறின் அதிர்வு அது. அதாவது கார்பன் டாட் ஒளிரவே இல்லை, அவன் பார்த்தது தண்ணீரின் ராமன் சிதறல், அதாவது மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு அலைநீளம் மாறிச் சிதறி வரும் ஒளி. வெறும் தண்ணீரை வைத்தும் ஓட்டச் சொன்னேன், பீக் அங்கேயே உட்கார்ந்திருந்தது. 1928 பிப்ரவரி 28-ல் ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணனும் கல்கத்தாவில் பாடுபட்டுக் கண்டுபிடித்தது, நம் பையனுக்குக் கேட்காமலே கிடைத்துவிட்டது. அவனுக்கு மட்டும் சந்தோஷமில்லை.

---

வேலூர் லாங்கு பஜார், நகைத் தொழில்:

சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் தங்கம் பார்க்கிற மெஷினும் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான், ஒளிக்குப் பதில் எக்ஸ்-கதிர். தங்கத்துக்கு 9.7, செம்புக்கு 8, வெள்ளிக்கு 22, கேட்மியத்துக்கு 23 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (எக்ஸ்-கதிரின் ஆற்றல் அளவு) என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கும். கேடிஎம் பற்றவைப்பில் கேட்மியம் வெள்ளிக்கு ஒட்டினாற்போல் எட்டிப் பார்ப்பது இப்படித்தான் தெரியும். ஆனால் மெஷின் பார்ப்பது மேல்தோலைத்தான், ஒரு முடியின் கனத்தைவிடக் குறைவான ஆழம். கனமான முலாம் போட்டுக் கொண்டுவந்தால் அசல் என்றே காட்டும். சந்தேகம் வந்தால் அரம் போட்டுவிட்டு மறுபடி வைப்போம். வாடிக்கையாளர் முகம் மாறுவதிலேயே பாதி ரிசல்ட் தெரிந்துவிடும்.

---

ஆரணி, பள்ளி ஆசிரியை:

பெரிய மெஷின் இல்லாதவர்களுக்கு: பழைய சிடியும் அட்டைப்பெட்டியும் போதும். சிடியின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர், அதுவே ஒளியைப் பிரித்துவிடும். பெட்டியில் மெல்லிய பிளவு வெட்டித் தெருவிளக்கைப் பார்க்கச் சொன்னேன். பழைய சோடியம் விளக்கில் மஞ்சள் மட்டும் தூக்கலாக நின்றது. எல்இடியில் 450 பக்கம் நீலம் பளிச்சென்று, அப்புறம் அகலமாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. நீல விளக்கின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு இருப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

கீரையை ஸ்பிரிட்டில் அரைத்து வடிகட்டி, கள்ளநோட்டுப் பார்க்கும் யூவி டார்ச் அடித்தால் பச்சைத் தண்ணீர் இரத்தச் சிவப்பாக ஒளிரும். இலையில் இருக்கும்போது பச்சையம் பிடித்த ஆற்றலில் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்குப் போய்விடுகிறது. ஸ்பிரிட்டில் வாங்கிக்கொள்ள ஆளில்லை, அதனால் சிவப்பாகக் கொட்டுகிறது. மஞ்சள்தூளிலும் செய்து பாருங்கள்.

---

காட்பாடி, ஆய்வு மாணவி:

ராணிப்பேட்டை சார், உங்கள் பதிவைப் படித்த பிறகு ஒரு சந்தேகம் வந்து எங்கள் பக்கத்து டேபிளில் கேட்டேன். தண்ணீரில் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் கார்பன் டாட் ஒளி மங்கும், அதை வைத்து அளக்கலாம் என்று நிறையக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் பல சமயம் குரோமேட் துகளைத் தொடாமலேயே அது மங்குகிறது. குரோமேட் 372 நானோமீட்டரில் நன்றாக விழுங்கும், நாம் டாட்டுக்குக் கொடுக்கும் ஒளியும் அந்தப் பக்கம்தான். போகும் வழியிலேயே ஒளியைத் தின்றுவிடுகிறது, டாட் பட்டினி. இது எதனால் என்று தெரிய ஒளிர்வின் ஆயுளை (கொடுத்த ஒளி நின்ற பிறகு எவ்வளவு நேரம் ஒளிர்கிறது என்பதை) அளக்க வேண்டும், நானோவினாடி கணக்கில். வெளிச்சம் குறைந்தும் ஆயுள் மாறாமல் இருந்தால், குரோமேட் நடுவில் நின்று மறைக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

---

ராணிப்பேட்டை, டேனரி லேப்:

அப்படியென்றால் 372 பக்கம் விழுங்குகிற வேறு எது இருந்தாலும் டாட் மங்குமே? எங்கள் கழிவுநீரில் மரப்பட்டை டானின் இருக்கும், பழுப்பாக, யூவி பக்கம் போகப் போக அதிகமாக விழுங்கும். குரோமியமே இல்லாத தண்ணீரைக் குரோமியம் என்று சொல்லிவிடாதா?

---

காட்பாடி, ஆய்வு மாணவி:

சொல்லும். கட்டுரைகளில் பெரும்பாலும் உப்பு உப்பாகப் போட்டுப் பார்த்துவிட்டு “வேறெதற்கும் மங்கவில்லை” என்று எழுதுகிறார்கள். டானின் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நீங்கள் கொடுத்தால் ஓட்டித் தருகிறேன்.

---

ராணிப்பேட்டை, டேனரி லேப்:

வரும் வாரம் காட்பாடி பக்கம் வேலை இருக்கிறது. மூன்று பாட்டில் கொண்டு வருகிறேன்: கிணற்றுத் தண்ணீர், ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர், குரோமேட் கலந்த தண்ணீர். எது எதில் என்று எழுதி ஒட்டமாட்டேன். நீங்கள் முழு ஸ்பெக்ட்ரம் ஓட்டிச் சொல்லுங்கள், நான் என் கார்பஸைடு ரிசல்ட்டோடு ஒத்துப் பார்க்கிறேன்.